நடுப் பொத்தான்

நடுப் பொத்தானுக்கும் அதற்கான துளைக்கும் இடையே நாலு விரல் இடைவெளி இருந்தது. மேக்கப் அக்கா தன் விரல்களையே வைத்து அளந்து பார்த்து, "நாலே கால்" என்று திருத்தினாள்.

"மூச்சை உள்ள இழுத்துப் பிடி."

இழுத்துப் பிடித்தாள்.

"இப்ப நாலு" என்றாள் மேக்கப் அக்கா. "வேணும்னா நீ மூச்சே விடாம செய்தி வாசி."

ஒன்பது வருடமாகக் காலை எட்டு மணிச் செய்தி வாசிக்கிறவள் அவள். பல் பிடுங்கப் போனாலும், காய்கறிக் கடையில் நின்றாலும் "எட்டு மணி வந்திருக்காங்க" என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் அவள் எட்டு மணிதான். குழந்தை பிறந்து எழுபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நூறாவது நாள் வேலைக்குத் திரும்புவதாகப் பேச்சு. அதற்குள்ளேயே அவளைக் கூப்பிட்டு, அலமாரியில் தொங்கிய நீலக் கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் செய்திப் பிரிவின் தயாரிப்பாளர்.

அவருக்கு வெறுமனே ஒருத்தி லீவு முடிந்து வருவது போதவில்லை. போன வாரம் சேனலின் காலை நிகழ்ச்சியில் ஒரு நடிகையைக் காட்டியிருந்தார்கள். குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆயிற்றாம். இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நடந்து வந்தார். பார்த்தவர்கள் எண்ணிக்கை எகிறியது. நம் வீட்டிலேயே ஒரு அம்மா இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும் என்று தயாரிப்பாளருக்குத் தோன்றிவிட்டது. 'நூறே நாளில் அதே எட்டு மணி' என்று தலைப்பும் வைத்துவிட்டார். திரையில் ஒரு பாதியில் பழைய பதிவு, மறு பாதியில் நேரலை. அதே நாற்காலி, அதே வணக்கம், அதே கோட்டு.

"கோட்டு ஏறலைன்னா சார்?" என்று கேட்டாள்.

"ஏறலைன்னா உன்னை வீட்டுக்கா அனுப்பிடுவோம்? பின்னணிக் குரல் கொடு. குரல் குண்டாகாது பாரு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பின்னணிக் குரல் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மதியச் செய்தி வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பிரசவம் முடிந்து வந்தபோது ஒரே ஒரு மாதத்துக்கு என்று உள்ளே போனாள். நாலு வருடம் ஆகிறது. இப்போது சோப்பு விளம்பரத்துக்கும் கொசுவத்தி விளம்பரத்துக்கும் குரல் கொடுக்கிறாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்பது அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.  வேறு எந்த வேலையையும் எட்டு மணி விட்டுக்கொடுப்பாள். அந்த நாற்காலியை விட மாட்டாள்.

இன்னொன்றும் உறுத்தியது. 'அம்மாவான அடையாளமே தெரியவில்லை, ரசிகர்கள் வியப்பு' என்கிற மாதிரிச் செய்திகளை அவளே எத்தனையோ தடவை சிரித்த முகத்தோடு வாசித்திருக்கிறாள். அடையாளம் தெரிந்தால்தான் என்ன என்று அன்றைக்கு அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம், கோட்டு ஏற வேண்டுமே.

மேக்கப் அக்கா சுலபமான வழி சொன்னாள். தையல் அறையில் கொடுத்து ஓரத்தைப் பிரித்து விடச் சொல்லலாம். ஆனால் தையல் அறை பூட்டிக் கிடந்தது. தையல்காரர் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். வெளியே வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்றாள் அக்கா. அங்கேதான் எட்டு மணியின் ரோஷம் குறுக்கே வந்தது.

"வேணாம்க்கா. கோட்டை மாத்தினா நான் தோத்த மாதிரி. அது அப்படியே இருக்கட்டும். நான் மாறிக்கிறேன்."

எடை பார்க்கும் இயந்திரத்தை அவள் நம்பவில்லை. மருந்துக் கடையில் ஒரு எடை, ஆஸ்பத்திரியில் ஒரு எடை காட்டும். கோட்டு அப்படியல்ல, பொய் சொல்லாது. காலருக்கு உள்ளே 'எட்டு மணி' என்று சிவப்பு நூலில் தைத்த பட்டை இருந்தது. அவளுடையதேதான். அவளுடைய லீவு நாட்களில் அவளுக்குப் பதிலாகச் செய்தி வாசித்த விளையாட்டுச் செய்திக்காரருக்குச் சொந்தமாய்ச் சாம்பல் கோட்டு உண்டு, இதை அவர் தொட்டதுகூட இல்லை. கோட்டை ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். இருபத்தொரு நாள் கைவசம் இருந்தது.

வீடு ஏழாவது மாடியில். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் பொறுப்புதான். நாத்தனார் படிப்பை முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து தங்கியிருந்தாள். குழந்தையை ஒரு கையாலும் கைப்பேசியை ஒரு கையாலும் பார்த்துக்கொள்வாள். விஷயத்தைக் கேட்டதும் கால் மணி நேரத்தில் பதினோரு வீடியோ பார்த்து முடித்து, சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்துவிட்டாள். காலையில் வெள்ளரிக்காய் போட்ட தண்ணீர். மதியம் உப்பில்லாமல் வேகவைத்த காய். சாயங்காலத்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"சாயங்காலம் பசிச்சா?" என்று கேட்டாள் எட்டு மணி.

"சாப்பிட்டாச்சுன்னு நினைச்சுக்கணும் அண்ணி. அப்படித்தான் அந்த வீடியோல சொன்னாங்க."

நாலு நாள் நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். போன தடவை பார்த்த எடை அப்படியே நின்றிருந்தது. அம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, எட்டு மணி செய்தி வாசிக்கிற சுத்தத்தோடு பட்டியலை ஒப்பித்தாள்.

"குழந்தை உங்களைத்தான் சாப்பிடுது" என்றாள் நர்ஸ். "உங்க உடம்புலயே ஒண்ணும் இல்லைன்னா அது எதைச் சாப்பிடும்?"

வெளியே நடைபாதையில் உட்கார்ந்து குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பொத்தானுக்காகப் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டேனே என்று அவமானமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டாள், மூன்றாவது தட்டையும் விடவில்லை. பட்டியலை நாத்தனாரே கிழித்துப் போட்டாள். அடுத்த வாரம் குழந்தையின் எடை ஏறியது. கோட்டின் இடைவெளி நாலரை விரலானது.

ஆனால் விட்டுவிடுகிற ஜாதி அவள் இல்லை. சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதானே. கால் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. தினமும் காலையும் மாலையும் ஏழு மாடி ஏறி இறங்குவது என்று முடிவு செய்தாள். முதல் நாள் மூன்றாவது மாடியில் கண் இருட்டியது. நாலாம் நாள் ஏழாவது மாடிவரை நிற்காமல் போனாள். வீட்டுக்காரருக்கே பெருமையாக இருந்தது.

பெருமை இரண்டு நாள்தான். எட்டு மணி லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படி ஏறுவதைக் கட்டடமே பார்த்தது. மெக்கானிக் பொண்டாட்டியே லிஃப்ட்டுல ஏற மாட்டேங்குதுன்னா அதுல ஏதோ கோளாறு இருக்கு என்று மூன்றாவது மாடிக்காரர் கிளப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு இருபது அழைப்பு வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் விளக்கம் கேட்டுக் கடிதமே எழுதினார். லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, ஏன் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறார் என்று சந்தேகம் கூடியது.

"நீ ஒரு நாள் லிஃப்ட்டுல போய்க் காட்டேன்" என்று கெஞ்சினார்.

"இன்னும் பத்து நாள் பொறுத்துக்கோங்க. அப்புறம் நாள் முழுக்க அதுலயே குடியிருக்கேன்."

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்டை எல்லோர் முன்னாலும் கழற்றி, ஒவ்வொரு பாகமாய்க் காட்டி, திரும்ப மாட்டினார். மாட்டி முடித்தபோது கையில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. அது எங்கே இருக்க வேண்டியது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நம்பிக்கை ஊட்டுவதற்காக முதலில் ஏறிய சங்கச் செயலாளர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனார். முக்கால் மணி நேரம் கழித்து அவரை வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து கட்டடம் முழுக்கப் படிதான். நாலு நாளில் மூன்றாவது மாடிக்காரருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. செயலாளரின் மனைவி கணவரின் சட்டைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். எட்டு மணிக்கும் பழைய புடவை ரவிக்கைகள் லேசாகத் தொளதொளத்தன. கோட்டு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

போதாக்குறைக்கு ஒரு புதுக் குறையையும் அன்று கண்டுபிடித்தாள். கோட்டுக் கை மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலேயே நின்றது.

"ஏங்க, கை நீண்டுடுச்சு."

"கோட்டுக் கையா?"

"என் கை."

நாத்தனார் உடனே கைப்பேசியில் தேடினாள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குப் பாதம் பெரிதாகலாம் என்று சேனலின் மருத்துவ நிகழ்ச்சியில் ஒரு டாக்டர் சொன்னது கிடைத்தது. கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. "கீழ வளரும்போது மேல மட்டும் சும்மாவா இருக்கும்?" என்று வீட்டுக்காரர் மெக்கானிக் மூளையோடு தீர்ப்புச் சொன்னார். எட்டு மணி தன் கைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டாள். இடுப்பு இளைக்கும், கையை என்ன செய்வது? மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

மீதி ஐந்து நாள். அப்போதுதான் இடுப்புப் பட்டை வீட்டுக்கு வந்தது. 'ஒரே நிமிடத்தில் அம்மா மறைவார், பழைய நீங்கள் தெரிவீர்கள்' என்று அவள் சேனலிலேயே அரை மணிக்கு ஒரு தடவை வந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது. விளம்பரக் குரல் மாடிப்படி அறைக்காரியுடையது. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எட்டு மணியின் பிடிவாதம் இறுகியது. பட்டையில் ஐந்து கொக்கி, இரண்டு நாடா. ஒருத்தரால் கட்ட முடியாது. வீட்டுக்காரர் சுவரில் ஒரு காலை முட்டுக்கொடுத்து நாடாவை இழுக்க, நாத்தனார் கொக்கியை மாட்டினாள். குழந்தை தொட்டிலில் படுத்தபடி இந்தக் கூத்தைப் பார்த்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தது. எட்டு மணிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க இடம் இல்லை.

இடைவெளி இரண்டு விரலுக்கு வந்தது. இன்னொரு பட்டையை வாங்கி முதல் பட்டையின் மேல் கட்டினார்கள். ஒரு விரல்.

மேக்கப் அக்கா கடைசி ஒரு விரலுக்குத் தொழில் ரகசியம் ஒன்று வைத்திருந்தாள். கோட்டின் முதுகுத் தையலை மேலிருந்து கீழாகப் பிரித்துவிடுவது. கேமரா முன்பக்கம் மட்டும்தானே பார்க்கும், முதுகு திறந்து கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். பாதிப் பேர் இப்படித்தான் செய்தி வாசிக்கிறார்கள் என்று ஆண்களின் பெயர்களாகவே நாலைந்து சொன்னாள். தோற்ற மாதிரி ஆகாதா என்று எட்டு மணி யோசித்தாள். பிரிக்கிற தையலை மறுநாளே போட்டுவிடலாம், இது தோல்வியில் சேராது என்று அக்கா சமாதானம் சொன்னாள். கத்தரியைக் கையில் எடுத்தபோது தயாரிப்பாளர் எட்டிப் பார்த்தார். நிகழ்ச்சியில் சின்ன மாற்றமாம். செய்தி முடிந்ததும் எட்டு மணி எழுந்து, பெரிய திரை வரைக்கும் நடந்து போய், பழைய எட்டு மணியின் பக்கத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும்.

அக்கா கத்தரியை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள்.

தொண்ணூற்றெட்டாம் நாள் ஒத்திகை. இரண்டு பட்டையும் கட்டி, நடுப் பொத்தானை மூன்று பேர் சேர்ந்து மாட்டினார்கள். ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. நாலு வார்த்தை வாசிப்பாள், நிறுத்துவாள், அடுத்த நாலு. மழை நிலவரம்கூட இரங்கல் செய்தி மாதிரி ஒலித்தது.  தயாரிப்பாளர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கனமா இருக்கு. இப்படியே வாசி" என்றார்.

நூறாவது நாள் காலை ஏழரைக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். வீட்டுக்காரரும் நாத்தனாரும் குழந்தையோடு ஓரமாக நின்றார்கள். எட்டு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் சொன்னாள். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நாலு நாலு வார்த்தையாக, ஒரு தப்பும் இல்லாமல் பத்து நிமிடம் வாசித்தாள். பொத்தான் தாங்கியது. கண்ணாடி அறைக்குள் தயாரிப்பாளர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எழுந்து நடந்தாள். பழைய எட்டு மணிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். அதற்கும் தாங்கியது.

இன்னும் ஒரே வரிதான் பாக்கி. தயாரிப்பாளர் கைப்பட எழுதியது. 'நூறே நாளில் பழைய நான் உங்கள் முன் திரும்பி வந்துவிட்டேன்.' எட்டு வார்த்தை. நடுவில் நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். எட்டு மணி, நிறுத்த மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, எட்டு வார்த்தைக்கும் சேர்த்து மூச்சை இழுத்தாள்.

நடுப் பொத்தான் பறந்துபோய்க் கேமராக் கண்ணாடியில் மோதியது. முதுகுத் தையல் காலரிலிருந்து கீழ்வரை டர்ரென்று கிழிந்தது.  திரையில் பழைய எட்டு மணி, பொத்தான் போட்ட கோட்டோடு, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓரத்தில் குழந்தை வீறிட்டது.

எட்டு மணி கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெள்ளைச் சட்டைக்கு மேலே கட்டியிருந்த பட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக, பத்தையும் அவிழ்த்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நீண்டுபோன கைகளைத் தாராளமாக மேசைமேல் வைத்தாள்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம். வானிலை அறிக்கை."

ஆறு வரி வானிலையை ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். ஒன்பது வருடத்தில் அப்படி வாசித்ததில்லை என்று மேக்கப் அக்கா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

சிவப்பு விளக்கு அணைந்ததும் தயாரிப்பாளர் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. யாரும் உன்னை வேலையை விட்டு அனுப்பவில்லை என்று ஆரம்பித்தார். கோட்டு ஏறும்வரை கீழே அந்த அறையில் இரு, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். ஒரு மாதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எட்டு மணியின் முகம் இறுகியது. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கீழ போக மாட்டேன் சார். இருபது நாள் கொடுங்க. இதே கோட்டைத் தைச்சு வைங்க, இதே பொத்தானைப் போட்டு நான் வாசிக்கிறேன். அதுவரைக்கும் அந்த நாற்காலி என்னோடதுதான்."

சொன்ன தோரணையில் தயாரிப்பாளர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நாத்தனார் கைப்பேசியை எடுத்தாள். வீட்டுக்காரர் கட்டடத்து மாடிப்படிகளை நினைத்துப் பெருமூச்சு விட்டார். கோட்டைத் தைக்க ஆள் வேண்டுமே என்று யாரோ போய்த் தையல்காரரை அழைத்து வந்தார்கள். அன்று காலைதான் அவர் லீவு முடிந்து வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோட்டை உள்பக்கம் திருப்பித் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோட்டையும் எட்டு மணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதையா போட்டீங்க? நீங்க லீவுல இருந்தப்ப, ஞாயித்துக்கிழமை சிறுவர் செய்தி வாசிக்க வந்த ஆறாம் வகுப்புப் பொண்ணுக்காக உங்க கோட்டை நான்தான் கையையும் மடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன். பிரிச்சு விடறதுக்குள்ள ஊருக்குப் போக வேண்டியதாயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கே இது கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சும்மா."